நிஃப்டியை ஒட்டியே போகிற ஃபண்டுக்கு மேனேஜர் எதுக்குங்க?

நொய்யல்வாசி (திருப்பூர்)

வணக்கம். பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். 2018 கடைசியில் பெரிய கம்பெனிகளில் போடும் ஒரு லார்ஜ்கேப் ஃபண்டில் எஸ்ஐபி (மாதாமாதம் ஒரே தொகை போடும் முறை) தொடங்கினேன். ரெகுலர் பிளான் (விநியோகஸ்தர் கமிஷனும் சேர்ந்தது), இன்னும் ஓடுகிறது. நஷ்டம் ஒன்றும் இல்லை. ஆனால் நிஃப்டி 100 டிஆர்ஐயை (நூறு பெரிய கம்பெனிகளின் இண்டெக்ஸ், அதாவது குறியீடு, டிவிடெண்டும் சேர்த்து) பக்கத்தில் வைத்தால் எப்போது பார்த்தாலும் கொஞ்சம் பின்னால்தான் நிற்கிறது. இதற்குள் மேனேஜர் இரண்டு முறை மாறிவிட்டார். மாறியும் ஃபண்டின் முகம் மாறவில்லை. முதல் பத்துப் பங்குகளில் எட்டு, நிஃப்டியின் முதல் பத்திலும் இருப்பவை.

எந்த ஃபண்ட் வாங்கலாம் என்று கேட்க வரவில்லை. அதற்கு இந்த மன்றத்தில் தனி இழை இருக்கிறது, அங்கே தினமும் அடிதடி. நான் கேட்பது வேறு. பெரிய படிப்புப் படித்தவர், கம்பெனி முதலாளிகளிடம் நேரில் உட்கார்ந்து பேசுகிறவர், கீழே ஒரு அனலிஸ்ட் படையே வைத்திருப்பவர். அவர் ஏன் இண்டெக்ஸின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே போகிறார்? தெரியாமல் செய்கிறாரா, தெரிந்தே செய்கிறாரா?

முட்டைவிலை (நாமக்கல்)

நிஃப்டியை அப்படியே நகல் எடுக்கும் இண்டெக்ஸ் ஃபண்ட், கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான். இழையைப் பூட்டிவிடலாம்.

தறி64 (சோமனூர்)

தம்பிக்கு எந்த இழையானாலும் இந்த ஒரு வரிதான். அவர் கேட்டது எதை வாங்குவது என்று இல்லை, அந்த ஆள் ஏன் அப்படி நடக்கிறார் என்று.

என் கணக்கு இது. நாங்கள் கூலிக்குத் தறி ஓட்டுகிறவர்கள். பாவு நூலை ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பார், நெய்து கொடுத்தால் மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. அந்தத் துணி நல்ல விலைக்குப் போனதா, குடோனில் கிடக்கிறதா என்பதெல்லாம் எங்கள் கூலியில் வராது. எங்களுக்கு மீட்டர் ஏற வேண்டும், அவ்வளவுதான். ஃபண்ட் கம்பெனிக்கும் வருமானம் நிர்வகிக்கும் தொகையின் மேல்தான். சந்தையை ஜெயித்தால் கூடுதல், தோற்றால் வெட்டு என்று வழக்கமாகக் கிடையாது. அப்புறம் அவர்கள் மீட்டரைத்தானே பார்ப்பார்கள்?

பீளமேடு அனலிஸ்ட் (கோவை)

தறி அண்ணா சொன்னது கம்பெனிக்குச் சரி. மேனேஜர் என்கிற ஆளுக்கு வேறு ஒரு பயம் இருக்கிறது. மும்பையில் ஒரு ஃபண்ட் ஹவுஸின் ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவள் நான், பெயர் வேண்டாம். உள்ளே பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஒரு பங்கு பிடிக்கும், பிடிக்காது என்று யாரும் பேசுவதில்லை. "நாம் இதில் எவ்வளவு ஓவர்வெயிட், எவ்வளவு அண்டர்வெயிட்" என்பதுதான் பேச்சு. இண்டெக்ஸில் இருப்பதைவிடக் கூடுதலாக வைத்தால் ஓவர்வெயிட், குறைவாக வைத்தால் அண்டர்வெயிட். நிஃப்டியில் 8 சதவீதம் இருக்கும் ஒரு வங்கிப் பங்கை மேனேஜருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை என்று வையுங்கள். அதை அவர் விற்றுவிட மாட்டார், 5 சதவீதம் வைத்திருப்பார். வெளியே இருக்கும் நமக்கு அது அந்த ஃபண்டின் பெரிய பங்குகளில் ஒன்று. அவர் கணக்கில் அது அந்தப் பங்குக்கு எதிராகக் கட்டிய பந்தயம்.

ஏன் முழுசாக விற்கவில்லை? விற்ற பிறகு அது ஏறிவிட்டால் அடுத்த கூட்டத்தில் அவர் மட்டும் தனியாக நின்று பதில் சொல்ல வேண்டும். வைத்திருந்து விழுந்தால் ஊரோடு சேர்ந்து விழுந்தார், ஒருவரும் கேட்க மாட்டார்கள். ஷார்ஃப்ஸ்டைன், ஸ்டைன் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் 1990இலேயே இதை எழுதிவிட்டார்கள். பெயரைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டிய நிலையில் இருப்பவருக்கு, தன் கையில் உள்ள தகவல் வேறு திசை காட்டினாலும் கூட்டத்தோடு போவதுதான் புத்திசாலித்தனம் என்று. 1999இல் செவாலியே, எல்லிசன் இருவரும் அமெரிக்க மேனேஜர்களில் யாருக்கு எப்போது வேலை போகிறது என்று அலசினார்கள். ரிட்டர்ன் மோசமானால் இளைய மேனேஜருக்கு வேலை போகும் வாய்ப்பு மூத்தவரைவிட அதிகம். அதனால் இளையவர்கள் மற்றவர்கள் வைத்திருப்பதையே வைத்திருக்கிறார்கள். உங்கள் ஃபண்டில் மேனேஜர் மாறியும் முகம் மாறாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். புதிதாக வந்தவர் முதல் வருஷமே வம்பை விலைக்கு வாங்க மாட்டார்.

ஒரு சட்டக் காரணமும் உண்டு, நிறையப் பேர் கவனிப்பதில்லை. சாதாரண ஈக்விட்டி ஃபண்ட் எந்த ஒரு கம்பெனியின் பங்கிலும் தன் சொத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போடக் கூடாது என்பது பங்குச் சந்தையை மேற்பார்க்கும் செபியின் விதி. இண்டெக்ஸ் ஃபண்டுக்கு இந்த உச்சவரம்பு கிடையாது. எச்டிஎஃப்சி பேங்க் போன்ற ஒரு பங்கு நிஃப்டியில் 10 சதவீதத்தைத் தாண்டி நிற்கும் காலத்தில், பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் ஆக்டிவ் மேனேஜர் (பங்குகளைத் தானே தேர்ந்தெடுப்பவர்) அதில் அண்டர்வெயிட்தான். அது மற்றவற்றைவிட வேகமாக ஏறினால் அந்த இடத்தில் அவர் பின்தங்கியே தீர வேண்டும். அது தூங்கினால் இனாமாக ஒரு லாபம் வரும். அந்த லாபத்தை செபி விதியின் புண்ணியம் என்று ஃபண்டின் எந்த மாதாந்தர ஃபேக்ட்ஷீட்டிலும் எழுத மாட்டார்கள், பங்குத் தேர்வுத் திறமை என்றுதான் எழுதுவார்கள்!

மஞ்சமண்டி (ஈரோடு)

நான் விநியோகஸ்தர். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் கண்டுபிடித்ததாகக் குதிக்க வேண்டாம்.

லார்ஜ்கேப்பை மட்டும் வைத்து மொத்தத் தொழிலையும் எடை போடுகிறீர்கள். 2017 அக்டோபரில் செபி வகைப்பாட்டைக் கொண்டுவந்தது. சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனி லார்ஜ்கேப், 101 முதல் 250 வரை மிட்கேப், அதற்குக் கீழே எல்லாம் ஸ்மால்கேப். லார்ஜ்கேப் ஃபண்ட் என்றால் 80 சதவீதம் அந்த முதல் நூறில்தான் இருக்க வேண்டும். அதற்கு முன்னால், லார்ஜ்கேப் என்று பெயர் வைத்துக்கொண்டு பாதி மிட்கேப்பை உள்ளே சொருகி, நிஃப்டியைத் தாண்டிவிட்டேன் என்று விளம்பரம் போட முடிந்தது. அடுத்து 2018 பிப்ரவரியிலிருந்து ஒப்பிடுவதை டிஆர்ஐயோடுதான் ஒப்பிட வேண்டும் என்றார்கள். அதுவரை ஃபண்ட் வாங்கும் டிவிடெண்ட் அதன் என்ஏவியில் (ஒரு யூனிட்டின் மதிப்பு) சேரும், ஆனால் இண்டெக்ஸில் சேராது. வருஷத்துக்குச் சுமார் 1 சதவீதம் சும்மா கிடைத்த முன்தொடக்கம் அது. இரண்டையும் சில மாத இடைவெளியில் பிடுங்கிவிட்டார்கள். ஆகவே மேனேஜர்கள் எல்லாம் 2018இல் திடீரென்று மந்தமாகிவிடவில்லை. நொய்யல்வாசி சரியாக அதற்குப் பிறகு வந்து சேர்ந்திருக்கிறார்.

அந்த நூறு கம்பெனிகளையும் நாற்பதுக்கு மேற்பட்ட ஃபண்ட் ஹவுஸும் வெளிநாட்டு முதலீட்டாளர்களும் இரவு பகலாகக் குடைகிறார்கள். அதில் யாருக்கும் தெரியாத ஒன்றை எங்கிருந்து கண்டுபிடிப்பது? மிட்கேப், ஸ்மால்கேப் பக்கம் வாருங்கள், அங்கே மேனேஜருக்கு வேலை இருக்கிறது.

இன்னொன்று. 2020 மார்ச்சில், கொரோனாவில் சந்தை விழுந்தபோது, என் போன் அடித்தது அடித்தபடி இருந்தது, எல்லோரும் எஸ்ஐபியை நிறுத்து, பணத்தை எடு என்று. முதலீட்டாளர் பணத்தைக் கேட்டால் மேனேஜர் மலிவு விலையில் விற்றுத்தான் கொடுக்க வேண்டும். அந்தக் கணக்கை எந்தப் பேராசிரியர் எழுதினார்?

முட்டைவிலை (நாமக்கல்)

நேர்மையாகச் சொன்னதற்கு நன்றி அண்ணா. ஆனால் கூட்டல் கழித்தல் என்று ஒன்று இருக்கிறது. வில்லியம் ஷார்ப் என்ற பொருளாதார அறிஞர் 1991இல் சின்னக் கட்டுரை ஒன்றில் சொன்னதுதான். சந்தையில் இருக்கும் எல்லோரையும் கூட்டினால் அதுவே சந்தை. இண்டெக்ஸ்காரர்களுக்குக் கிடைப்பது சந்தையின் ரிட்டர்ன். அப்படியானால் மீதி ஆக்டிவ்காரர்கள் அத்தனை பேரின் சராசரியும் கட்டணத்துக்கு முன் அதே ரிட்டர்ன்தான். கட்டணத்தைக் கழித்தால் அதற்குக் கீழே. இதற்கு ஆராய்ச்சியே தேவையில்லை.

ரெகுலர் பிளானுக்கும் டைரக்டுக்கும் வருஷம் 1 சதவீத வித்தியாசம் என்று வையுங்கள். 10 லட்சம், 20 வருஷம். 12 சதவீதத்தில் 96 லட்சத்தைத் தாண்டும், 11 சதவீதத்தில் 81 லட்சத்தைத் தொடாது. பதினைந்து லட்சத்துக்கு மேல் போகிறது. எங்க ஊர்ல அந்தக் காசுக்கு பழைய லாரி ஒண்ணு வாங்கிடலாம்.

அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் கட்டிய பந்தயம் வேறு இருக்கிறது. 2008 முதல் 2017 வரை பத்து வருஷம். அவர் சொன்ன எஸ் அண்ட் பி 500 (அமெரிக்காவின் பெரிய கம்பெனிகளின் குறியீடு) இண்டெக்ஸ் ஃபண்ட் 125 சதவீதத்துக்கு மேல் ஏறியது. எதிராளி தேர்ந்தெடுத்த ஐந்து ஃபண்டுகளில் ஒன்றுகூட அதன் பக்கத்தில் வரவில்லை.

பீளமேடு அனலிஸ்ட் (கோவை)

தம்பி, பஃபெட் பந்தயத்தை இங்கே இழுக்காதீர்கள். எதிராளி வைத்தது ஹெட்ஜ் ஃபண்டுகளில் (பெரும் பணக்காரர்களுக்கான தனி ஃபண்டுகள்) போடுகிற ஃபண்டுகள். உள்ளே ஒரு கட்டணம், வெளியே ஒரு கட்டணம், இரண்டு அடுக்கு. நம் ஊர் லார்ஜ்கேப் ஃபண்டோடு அதை ஒப்பிடுவது நியாயமில்லை.

ஷார்ப் கணக்கில் பிழை இல்லை, ஆனால் அதில் "ஆக்டிவ்காரர்கள்" என்பது ஃபண்ட் மேனேஜர்கள் மட்டும் இல்லை. டிமேட் கணக்கு வைத்துக்கொண்டு டிப்ஸ் கேட்டு வாங்கி விற்கும் நம் ஆட்களும் அதில் அடக்கம். நாம் தோற்றால் அந்தக் காசு எங்கோ போகத்தான் வேண்டும். இந்தியாவில் ஃபண்டுகள் பல வருஷம் இண்டெக்ஸைத் தாண்டி நின்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். இப்போது சந்தையில் ஃபண்டுகளே பெரிய ஆள். எஸ்ஐபி வழியாக மட்டும் மாதம் 25,000 கோடிக்கு மேல் என்பதை 2024 அக்டோபரிலேயே தொட்டுவிட்டார்கள். இனி பெரும்பாலும் ஒரு மேனேஜர் ஜெயிக்க இன்னொரு மேனேஜர்தான் தோற்க வேண்டும்.

மஞ்சமண்டி அண்ணா, முதலீட்டாளர் நடுவில் பணம் எடுப்பதால் ஃபண்டுக்கு வரும் செலவைப் பற்றியும் எழுதியிருக்கிறார்கள். உண்மையான செலவுதான், ஆனால் வருஷா வருஷம் பின்தங்குவதை அது மட்டும் விளக்காது.

அமராவதிக்கரை (கரூர்)

சின்னவர்கள் புள்ளிவிவரம் பேசுகிறீர்கள், நான் வயசானவன், பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒரு காலத்தில் எங்கள் பக்கம் சம்பளக்காரர் வீட்டில் தங்கம், பேங்க் டெபாசிட், யுடிஐ என்ற அரசு ஃபண்ட் நிறுவனத்தின் யூஎஸ்-64, இந்த மூன்றும் இருக்கும். 1964இல் தொடங்கிய திட்டம். அதன் வாங்கும் விலையும் விற்கும் விலையும் என்ஏவியோடு கட்டப்பட்டிருக்கவில்லை. வருஷம் தவறாமல் டிவிடெண்ட். உள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. 2001 ஜூலையில் யூனிட்டைத் திரும்ப வாங்குவதை ஆறு மாதம் நிறுத்துகிறோம் என்று அறிவித்தார்கள். அப்புறம்தான் உள்ளே இருந்ததன் மதிப்பு எல்லோருக்கும் தெரிந்தது. அதற்கு முன்னால் 1994 ஜனவரியில் மார்கன் ஸ்டான்லி குரோத் ஃபண்ட் வந்தது. முதலில் வருகிறவருக்குத்தான் யூனிட் என்ற பேச்சைக் கேட்டு நாடு முழுக்க வரிசை. வெளிநாட்டு மேனேஜர் என்றால் மந்திரம் தெரிந்தவர் என்று நினைப்பு. அந்தப் பத்து ரூபாய் யூனிட் பல வருஷம் பத்துக்குக் கீழே கிடந்தது.

அதனால் ஒருவர் ஐந்து வருஷம் ஜெயித்தார் என்றால் நான் அசைவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்தால், 1,024 பேரில் ஒருவர் பத்து வருஷமும் தொடர்ந்து ஜெயித்தவராக வந்து நிற்பார், திறமையே இல்லாமல். அவர் படம்தான் பத்திரிகையில் வரும். அமெரிக்காவில் பில் மில்லர் என்ற ஃபண்ட் மேனேஜர் 1991 முதல் 2005 வரை பதினைந்து வருஷம் தொடர்ந்து எஸ் அண்ட் பி 500ஐ ஜெயித்தார். 2008இல் அதே ஃபண்ட் பாதிக்கு மேல் கரைந்தது. அவர் திறமைசாலியா, அதிர்ஷ்டசாலியா? இன்றுவரை இரண்டு கட்சி இருக்கிறது.

பீளமேடு அனலிஸ்ட் (கோவை)

ஐயா சொன்னதைத்தான் ஃபாமா, ஃபிரெஞ்ச் என்ற பேராசிரியர்கள் 2010இல் பெரிய அளவில் செய்து பார்த்தார்கள். கட்டணத்தைக் கழித்த பிறகும் தாண்டி நிற்கும் அளவுக்குத் திறமை உள்ளவர்கள் மிகச் சிலரே என்று வந்தது. அதற்கு முன் 1997இல் கார்ஹார்ட் போன வருஷம் ஜெயித்த ஃபண்டுகளை எடுத்துப் பார்த்தார். அடுத்த வருஷமும் அவை கொஞ்சம் நன்றாகச் செய்தன, ஆனால் பெரும்பாலும் ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த பங்குகள் கையில் இருந்ததால். ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுதியாகத் தொடர்ந்தது. கடைசியில் நின்ற ஃபண்டுகள் கடைசியிலேயே நின்றன.

ஆனால் மேனேஜர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்தது ஒரு பக்கம் மட்டும்தான் என்று காட்டும் ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. அகபனிட்டாவோர்ன், டி மாசியோ, இமாஸ், ஷ்மிட் என்ற நால்வர் 783 நிறுவன போர்ட்ஃபோலியோக்களின் (பங்குத் தொகுப்புகளின்) 44 லட்சம் வாங்கல் விற்றல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். வாங்குவதில் இந்த மேனேஜர்களுக்கு உண்மையிலேயே திறமை இருந்தது. விற்பதில் அடி. அன்றைக்கு அவர் விற்ற பங்கை விடுங்கள், போர்ட்ஃபோலியோவில் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றைத் தொட்டு விற்றிருந்தாலும் அதைவிட நன்றாக இருந்திருக்கும். வாங்குவதில் சம்பாதித்ததை விற்பதில் விடுகிறார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பது உள்ளே இருந்து பார்த்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. ஒரு பங்கை வாங்க முப்பது பக்க நோட் எழுதுவோம். தொழிற்சாலைக்குப் போவோம், டீலரிடம் பேசுவோம், நிர்வாகத்திடம் கேள்வி கேட்போம், மேனேஜர் அதைத் திருப்பி அனுப்புவார், மறுபடி எழுதுவோம். விற்பது அப்படி இல்லை. புதிதாக ஒன்றை வாங்கப் பணம் வேண்டும், எதையாவது விற்க வேண்டும். மேனேஜர் பட்டியலை மேலிருந்து கீழே பார்ப்பார். நன்றாக ஏறிய ஒன்று கண்ணில் படும், நன்றாக அடி வாங்கிய ஒன்று கண்ணில் படும். நடுவில் சும்மா கிடப்பது கண்ணிலேயே படாது. அந்த நால்வரின் தரவிலும் இதேதான் வந்தது. ரொம்ப ஏறியதும் ரொம்ப விழுந்ததும்தான் அதிகம் விற்கப்படுகின்றன. காலாண்டு முடிவு வெளியாகும் நாளில் மட்டும் அவர்கள் விற்பது நன்றாக இருந்தது, ஏனென்றால் அன்றைக்கு அந்தக் கம்பெனியைப் பற்றி உண்மையாகவே யோசித்திருக்கிறார்கள்.

தறி64 (சோமனூர்)

அம்மணி, அப்போ விற்பதற்கென்று தனியாக ஒரு ஆளைப் போட்டால் முடிந்ததே? வாங்குகிற ஆள் வாங்கட்டும்.

பீளமேடு அனலிஸ்ட் (கோவை)

நாங்களும் கேட்டோம் அண்ணா. வாங்கியவர் முகத்துக்கு நேரே "நீங்கள் வாங்கியதை நான் விற்கிறேன்" என்று சொல்ல அந்த அலுவலகத்தில் யார் இருக்கிறார்கள்? கடைசியில் சில இடங்களில், வாங்கிய காரணம் இன்னும் நிற்கிறதா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒரு தாள் நிரப்பும் வழக்கம் வந்தது. தாளும் நிரம்பியது, பங்கும் அப்படியே இருந்தது.

லேத்துப்பட்டறை (சரவணம்பட்டி)

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மும்பையில் உட்கார்ந்திருப்பவரைவிட எங்களுக்குத் தெரியாதா? எல்எம்டபிள்யூ, எல்ஜி எக்விப்மென்ட்ஸ், பிரிக்கால், கிராஃப்ட்ஸ்மேன், கேபிஆர் மில், எல்லாம் நம் ஊர்க் கம்பெனிகள். ஆர்டர் இருக்கிறதா இல்லையா என்பது எங்களுக்குப் பட்டறை ஷிஃப்டிலேயே தெரிந்துவிடும். ரிசல்ட் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. மேனேஜருக்குக் கொடுக்கும் கட்டணத்துக்கு நானே நாலு கோவைப் பங்கு வாங்கிக்கொள்வேன்.

பீளமேடு அனலிஸ்ட் (கோவை)

இதில் பாதி உண்மை இருக்கிறது. கோவல், மாஸ்கோவிட்ஸ் இருவரும் 1999இலும் 2001இலும் அமெரிக்க மேனேஜர்களை வைத்துக் காட்டினார்கள். தங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் தலைமையகம் உள்ள கம்பெனிகளை அவர்கள் கூடுதலாக வாங்குகிறார்கள், அந்த முதலீடுகளில் மற்றவற்றைவிட நன்றாகவும் சம்பாதிக்கிறார்கள். பக்கத்தில் இருப்பதற்கு விலை உண்டு. ஆனால் அவர்கள் பக்கத்து ஊர்க் கம்பெனியோடு நூறு வெளியூர்க் கம்பெனியையும் வைத்திருந்தார்கள். உங்கள் தொழிலும் கோவை இன்ஜினியரிங், வீட்டு மனையும் கோவை, பங்கும் கோவை இன்ஜினியரிங் என்றால், மந்தம் வரும்போது எல்லாம் ஒரே நாளில் வரும்.

அமராவதிக்கரை (கரூர்)

ஊர்க்காரனுக்குத் தெரியும் என்பதற்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு பதில். லட்சுமி விலாஸ் பேங்க் 1926இல் கரூரில் தொடங்கியது. ஊரே அதில் கணக்கு வைத்திருந்தது, பங்கும் வைத்திருந்தது. 2020 நவம்பரில் அதை சிங்கப்பூர் பேங்கின் இந்தியக் கிளை நிறுவனமான டிபிஎஸ் இந்தியாவோடு இணைத்தார்கள். டெபாசிட் போட்டவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை. பங்குதாரர்களின் மூலதனம் முழுவதையும் தள்ளுபடி செய்துவிட்டார்கள், பங்கு பூஜ்யம். கிளை மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் இருந்தவர்களுக்கு, அந்த பேங்கின் பெரிய கடன்கள் எங்கே போயின என்று தெரியாது. அதே ஊரில் 1916இல் தொடங்கிய கரூர் வைஸ்யா பேங்க் இன்றைக்கும் நன்றாக இருக்கிறது. எது நிற்கும், எது போகும் என்று எங்கள் தெருவில் பந்தயம் கட்டியிருந்தால் பாதிப் பேர் தோற்றிருப்பார்கள்.

நெறியாளர்

லேத்துப்பட்டறைக்கு ஒரு குறிப்பு. ஒரு பட்டியலிட்ட கம்பெனிக்கு நீங்கள் சப்ளையர் என்றால், வெளியே வராத ஆர்டர் தகவலை வைத்து அதன் பங்கை வாங்கி விற்பது இன்சைடர் டிரேடிங் விதிக்குள் வரலாம். இங்கே எந்தக் கம்பெனியின் ஆர்டர் நிலவரத்தையும் எழுத வேண்டாம்.

முட்டைவிலை (நாமக்கல்)

மஞ்சமண்டி அண்ணா, ஸ்மால்கேப்பில் மேனேஜருக்கு வேலை இருக்கிறது என்றீர்களே. அப்படியானால் 2023இல் சில ஃபண்ட் ஹவுஸ்கள் ஸ்மால்கேப்பில் மொத்தமாகப் போடும் பணத்தை ஏன் வேண்டாம் என்றன?

மஞ்சமண்டி (ஈரோடு)

அது பொறுப்பான செயல் தம்பி. பணம் வெள்ளமாக வந்தது, போட இடம் இல்லை. ஒரு ஃபண்ட் ஹவுஸின் எல்லாத் திட்டங்களும் சேர்ந்து ஒரு கம்பெனியின் ஓட்டுரிமையுள்ள பங்கு மூலதனத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்க முடியாது. கம்பெனி சின்னது, ஃபண்ட் பெரிசு. அப்போது நல்ல பங்கு என்று தெரிந்தாலும் ஃபண்டில் அரை சதவீதம்தான் ஏற்ற முடியும். அரை சதவீதம் இரட்டிப்பானால் ஃபண்டுக்கு என்ன பெரிதாக வந்துவிடும்?

பீளமேடு அனலிஸ்ட் (கோவை)

அண்ணா தன்னை அறியாமலேயே இந்தத் துறையின் முக்கியமான வாதத்தைச் சொல்லிவிட்டார். பெர்க், கிரீன் 2004இல் எழுதியது இதுதான். ஒரு மேனேஜருக்குத் திறமை இருக்கிறது, அது ரிட்டர்னில் தெரிகிறது, பணம் அவரிடம் ஓடுகிறது, ஃபண்ட் பெருக்கிறது, கை வைக்க முடிந்த நல்ல இடங்கள் தீர்ந்துபோகின்றன, ரிட்டர்ன் சராசரிக்கு வந்துவிடுகிறது. இது திறமை இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. அந்தத் திறமையின் பலன் கடைசியாக வந்து சேர்ந்தவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். கட்டணமாக ஃபண்ட் கம்பெனிக்குப் போய்விட்டது. தறி அண்ணா பாஷையில் சொன்னால் மீட்டர் ஏறியது.

2024 மார்ச் முதல் மிட்கேப், ஸ்மால்கேப் ஃபண்டுகள் தங்கள் போர்ட்ஃபோலியோவில் 25 சதவீதத்தையும் 50 சதவீதத்தையும் விற்றுக் காசாக்க எத்தனை நாள் ஆகும் என்று வெளியிட்டு வருகின்றன. ஃபண்டின் பழைய ரிட்டர்னைப் பார்ப்பதற்கு முன் நான் அந்த நாள் கணக்கைப் பார்ப்பேன்.

நொய்யல்வாசி (திருப்பூர்)

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒன்று கேட்கிறேன். வருஷக் கடைசியில் இவர்கள் ஃபண்டை அலங்காரம் பண்ணுவார்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மையா? இரண்டாவது, மேனேஜர் தன் சொந்தப் பணத்தை அதே ஃபண்டில் போட்டிருக்கிறாரா என்று நாம் பார்க்க முடியுமா?

பீளமேடு அனலிஸ்ட் (கோவை)

அலங்காரம் உண்மைதான். லகோனிஷோக் முதலானவர்கள் 1991இல் அமெரிக்கப் பென்ஷன் ஃபண்ட் மேனேஜர்களைப் பார்த்தார்கள். அடி வாங்கிய பங்குகளைக் கடைசிக் காலாண்டில் அதிகமாகக் கழற்றிவிட்டார்கள், வாடிக்கையாளர் பட்டியலைப் பார்க்கும்போது அசிங்கமாக இருக்கக் கூடாதே என்று. இங்கே போர்ட்ஃபோலியோ மாதா மாதம் வெளியாவதால் அந்த வித்தைக்கு இடம் குறைவு. அதைவிடக் கவனிக்க வேண்டியது வேறு. பிரவுன், ஹார்லோ, ஸ்டார்க்ஸ் மூவரும் 1976 முதல் 1991 வரை 334 குரோத் ஃபண்டுகளைப் பார்த்ததில், வருஷத்தின் முதல் பாதியில் பின்தங்கியவர்கள் இரண்டாம் பாதியில் ரிஸ்க்கைக் கூட்டினார்கள். ஜெயித்தால் பெயர், தோற்றால் அது முதலீட்டாளர் காசு.

சொந்தப் பணத்தைப் பொறுத்தவரை, 2021இல் செபி ஒரு விதி கொண்டுவந்தது. மேனேஜர் உள்ளிட்ட முக்கிய ஊழியர்களின் சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் அவர்கள் பார்க்கும் திட்டங்களின் யூனிட்டாகவே கொடுக்கப்பட வேண்டும், மூன்று வருஷம் எடுக்க முடியாது. 2025இல் அதைச் சம்பள அடுக்குக்கு ஏற்பத் தளர்த்தினார்கள். திட்டத் தகவல் ஆவணத்தில் அந்தத் திட்டத்தில் மேனேஜரின் முதலீடு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள், தேடிப் பாருங்கள்.

ஓர் இடைச்செருகல், கோபத்தில் எழுதுகிறேன். நீசன்-ருவென்சி, ருவென்சி 2019இல் காட்டியது: பெண்கள் நடத்தும் ஃபண்டுகளின் ரிட்டர்ன் ஆண்களுடையதற்குக் குறைவில்லை, பாணியும் நிலையாக இருக்கிறது. ஆனால் அவற்றுக்குப் பணம் குறைவாகவே வருகிறது. ரிட்டர்னை மட்டும்தான் பார்க்கிறோம் என்று சொல்கிறவர்கள் கவனிக்கவும்.

மஞ்சமண்டி (ஈரோடு)

அதில் எனக்குத் தெரிந்தே உண்மை இருக்கிறது. மேனேஜர் பெயரைக் கேட்டுவிட்டு "வேற ஃபண்ட் காட்டுங்க" என்ற ஆட்கள் உண்டு.

நொய்யல்வாசி, கமிஷன் போகிறதே என்று நான் வயிறெரிவதாக நினைக்க வேண்டாம், ஒரு நடைமுறை விஷயம் சொல்கிறேன். ரெகுலரிலிருந்து டைரக்டுக்கோ இண்டெக்ஸ் ஃபண்டுக்கோ மாறினால் வரிக்கணக்கில் அது விற்பனை. ஒரு வருஷத்துக்கு மேல் வைத்த யூனிட்டுகளின் லாபம் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். கடைசி ஒரு வருஷ எஸ்ஐபி தவணைகளுக்கு எக்ஸிட் லோடும் (சீக்கிரம் எடுத்தால் பிடிக்கும் கட்டணம்) இருக்கலாம். ஆகவே இன்றைக்கே மொத்தத்தையும் தூக்கிப் போடாதீர்கள். புதுத் தவணையை எங்கே போட வேண்டுமோ அங்கே மாற்றுங்கள். பழையதில் இந்த மார்ச்சுக்குள் ஒரு பகுதி, ஏப்ரல் பிறந்ததும் ஒரு பகுதி என்று எடுங்கள்.

முட்டைவிலை (நாமக்கல்)

விநியோகஸ்தரே வழி சொல்லிவிட்டார். நான் முதல் பதிவில் சொன்னதுக்கு இவ்வளவு நேரமா?

தறி64 (சோமனூர்)

நீ ஏன் என்று சொல்லவில்லையே தம்பி.

நொய்யல்வாசி (திருப்பூர்)

யூனிட் வாரியாக லாபத்தைப் பிரித்துப் பார்த்தேன். இந்த நிதியாண்டுக்கு எடுக்கக்கூடியது 1.25 லட்சத்துக்குள் சரியாக அடங்குகிறது. அடுத்த தவணை ஏழாம் தேதி, அதற்குள் பழைய எஸ்ஐபியை நிறுத்த விண்ணப்பம் கொடுத்துவிட்டேன். பாதி நிஃப்டி இண்டெக்ஸ். மீதிப் பாதிக்கு இரண்டு ஃபண்டுகளின் திட்டத் தகவல் ஆவணத்தைத் திறந்து வைத்திருக்கிறேன். ஒன்றில் மேனேஜர் போட்டிருப்பது நல்ல தொகை. இன்னொன்றில் போட்டிருப்பது என் எஸ்ஐபியைவிடக் கம்மி.